பலாஷே: ஏழு இடமும் மூன்று வெற்றியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய மாநிலங்களின் பெண் முதல்வர்கள் பற்றிய உங்கள் குறிப்பில் குயின்ஸ்லாந்தின் அனஸ்டேசியா பலாஷேக்கு நான்கு வரிதான் கொடுத்திருந்தீர்கள். 89 இடம் கொண்ட சபையில் 7 இடமாகச் சுருங்கிய கட்சியை மூன்றே ஆண்டில் ஆட்சிக்குக் கொண்டுவந்தார், தொடர்ந்து மூன்று தேர்தல் வென்றார், தோற்காமலே விலகினார் என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. அப்பா இருந்த தொகுதி மகளுக்குக் கிடைத்தது. எதிரே தலைக்கனம் பிடித்த ஒரு முதல்வர். மக்கள் கோபத்தில் மாற்றிப் போட்டார்கள். இதில் அவருடைய திறமை என்று எதைச் சொல்வது? விருப்ப வாக்குதான் காரணம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், அது எனக்குப் பிடிபடவில்லை. தோற்காத ஒருவர் ஏன் விலக வேண்டும்? இன்னொன்று: நாடுகடத்துவதற்காகப் பிடித்துப்போன பிலோயிலா ஊர்த் தமிழ்க் குடும்பம் அவருடைய மாநிலத்தில்தானே இருந்தது, அவர் தடுத்திருக்க முடியாதா?

வி.,
சென்னை

அன்புள்ள வி.,

வாரிசு என்பதை மறுக்க வழியில்லை. ஹென்றி பலாஷே 1992 முதல் 2006 வரை இனாலா தொகுதி உறுப்பினர், முதல்வர் பீட்டர் பீட்டியின் ஆட்சியில் அமைச்சர். அவர் ஒதுங்கிய 2006 தேர்தலில் அதே இனாலாவில் மகள் நின்றார், வென்றார். பிரிஸ்பேனின் தென்மேற்கில் உள்ள இனாலா உழைக்கும் மக்களும் வியட்நாமியக் குடும்பங்களும் நிறைந்த இடம், அவர்களுடைய லேபர் கட்சிக்குக் கோட்டை. அந்த மாதிரித் தொகுதியில் உண்மையான போட்டி கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே முடிந்துவிடும். சட்டம் படித்தவர், அமைச்சர்களின் அலுவலகங்களில் கொள்கை ஆலோசகராக இருந்தவர், கட்சியின் வலது அணிக்காரர், கூடவே அந்தக் குடும்பப்பெயர். சீட்டு கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

அந்தக் கோட்டையின் பயன் என்ன என்பது 2012 மார்ச் 24ஆம் தேதிதான் தெரிந்தது. அன்று லேபர் 51 இடத்திலிருந்து 7க்கு விழுந்தது. எதிர்க்கட்சியான எல்.என்.பி.க்கு (லிபரல் நேஷனல் கட்சி) 78. அமைச்சர்களாக இருந்தவர்கள் வரிசையாகத் தோற்றார்கள். முதல்வராக இருந்த ஆனா பிளை ஜெயித்தும் உடனே விலகினார். அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் ஜாக்கி டிராட் வந்தார். மீதி ஆறு பேரில் தலைமைக்கு வரத் தோதானவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். நான்கு நாளில் பலாஷே போட்டியில்லாமல் தலைவரானார். அடுத்த தேர்தலில் வேறு யாராவது வரும்வரை நாற்காலியைக் காத்துக்கொண்டிருப்பார் என்பதுதான் அன்றைக்குப் பொதுவான எண்ணம்.

ஆஸ்திரேலியாவில் பெண்களுக்குத் தலைமை கிடைக்கிற நேரத்தைக் கவனியுங்கள். 1990இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கார்மென் லாரன்ஸ், அதே ஆண்டு விக்டோரியாவில் ஜோன் கர்னர், 2009இல் நியூ சவுத் வேல்ஸில் கிறிஸ்டினா கெனெலி, 2011இல் டாஸ்மேனியாவில் லாரா கிடிங்ஸ். நான்கு பேருமே ஆட்சி நடுவழியில் இருக்கும்போது, பெரும்பாலும் கப்பலில் தண்ணீர் ஏறிய பிறகு, கட்சியால் முதல்வராக்கப்பட்டவர்கள். நான்கு பேரும் அடுத்த தேர்தலில் தோற்றார்கள். பிளை 2009இல் வென்றார், ஆனால் அவரும் பீட்டியிடமிருந்து ஆட்சியை வாங்கியவர்தான். எதிர்க்கட்சியிலிருந்து மாநில ஆட்சியைப் பிடித்த முதல் பெண் பலாஷே. (பிரதேசங்களையும் சேர்த்தால் 1995இல் தலைநகர்ப் பிரதேசத்தில் கேட் கார்னெலும் 2001இல் வடக்குப் பிரதேசத்தில் கிளேர் மார்ட்டினும் முந்திக்கொள்கிறார்கள்.)

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசுவதில்லை. தோதான ஒன்றிரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருந்ததற்குப் பின்னால் ஒரு கட்சி விதி இருக்கிறது. 1994இல் லேபர் மாநாடு, வெல்லக்கூடிய தொகுதிகளில் 35 விழுக்காடு 2002க்குள் பெண்களுக்கு என்று விதி போட்டது. அதற்காக மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் 1992இல் தோற்றுப்போன அதே ஜோன் கர்னர். ‘வெல்லக்கூடிய’ என்ற சொல் இல்லாவிட்டால் அந்த விதியால் காலணா பிரயோசனம் இருந்திருக்காது. டெபாசிட் போகிற தொகுதிகளைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டுக் கணக்குக் காட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

இனி அந்த மூன்று ஆண்டு. எதிரே இருந்தவர் கேம்ப்பெல் நியூமன். பிரிஸ்பேன் மேயராக இருந்து நேரே முதல்வரானவர், சபையில் முன்அனுபவம் கிடையாது. வந்த ஆண்டிலேயே சுமார் 14,000 அரசுப் பணியிடங்களை வெட்டினார். மோட்டார்சைக்கிள் கும்பல்களுக்கு எதிராக நீதிபதிகளே முகம் சுளித்த சட்டம் கொண்டுவந்தார். தலைமை நீதிபதி நியமனத்தில் வழக்கறிஞர்களோடு மோதினார். பிறகு மின்கம்பிகளையும் துறைமுகங்களையும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு 3,700 கோடி டாலர் திரட்டும் திட்டத்தோடு தேர்தலுக்கு வந்தார். நீங்கள் சொல்லும் கோபம் இதெல்லாம்தான், உண்மைதான்.

ஆனால் அந்தக் கோபம் தானாக லேபர் பெட்டியில் வந்து விழாது. காரணம், சொத்து விற்பனை லேபரின் சொந்தப் பாவம். 2009 மார்ச்சில் தேர்தலில் வென்ற பிளை, ஜூனில் ரயில் சரக்குப் பிரிவு, பிரிஸ்பேன் துறைமுகம், காட்டுத்தோட்டங்கள் என்று சுமார் 1,500 கோடி டாலர் விற்பனையை அறிவித்தார். பிரச்சாரத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. தொழிற்சங்கங்கள் கொதித்தன. அந்த அமைச்சரவையில் பலாஷேயும் இருந்தார். ஆகவே அவர் முதலில் செய்ய வேண்டியிருந்தது சொந்த வீட்டுக்குள் சமாதானம். இனி எந்தச் சொத்தும் விற்பதில்லை என்ற ஒரே வாக்குறுதியை வைத்து சங்கங்களைத் திரும்ப அழைத்துவந்தார். 2014இல் ரெட்கிளிஃப், ஸ்டாஃபோர்டு இரண்டு இடைத்தேர்தல்களிலும் லேபர் வென்று 9 ஆனது.

மற்றபடி அவர் பெரிதாக எதையும் வாக்களிக்கவில்லை. அடிக்க இடம் கொடுக்காமல் நிற்பதுதான் உத்தி. பிரச்சாரத்தின் கடைசி நாட்களில் ஒரு வானொலிப் பேட்டியில் ஜி.எஸ்.டி. எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள், பத்து என்று அவருக்குச் சொல்ல வரவில்லை. பத்திரிகைகள் இரண்டு நாள் வறுத்தெடுத்தன. ஓட்டில் ஒன்றும் ஆகவில்லை. மேடைப் பேச்சில் அவர் சுமார்தான், ரசிகர் கூட்டமும் கிடையாது. அவருடைய பலம் எண்ணிக்கையில் இருந்தது. அதற்குத்தான் விருப்ப வாக்கு புரிய வேண்டும்.

ஒரு தொகுதியில் 100 ஓட்டு என்று வையுங்கள். எல்.என்.பி. 44, லேபர் 38, சுற்றுச்சூழல் கட்சியான கிரீன்ஸ் 18. நம் ஊர் முறையில் எல்.என்.பி. ஜெயித்தாயிற்று. அங்கே பாதிக்கு மேல் வேண்டும், ஆகவே கடைசியாக வந்த கிரீன்ஸை நீக்கிவிட்டு அந்த 18 வாக்குச்சீட்டுகளில் 2 என்று யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பார்கள். குயின்ஸ்லாந்தில் 1992 முதல் 2016 வரை 2 போடுவது வாக்காளர் விருப்பமாக இருந்தது. 1 மட்டும் போட்டுவிட்டு வந்தாலும் செல்லும். ஆனால் அந்தச் சீட்டு பிரிக்கும் கட்டத்தில் கணக்கை விட்டே போய்விடும். 18 பேரில் 9 பேர் 1 மட்டும் போட்டிருந்தால் மீதி 9. அதில் 7 லேபருக்கு, 2 எல்.என்.பி.க்கு. முடிவு எல்.என்.பி. 46, லேபர் 45. இப்போது 1 மட்டும் போட்டவர்கள் 5 பேராகக் குறைந்தால் மீதி 13: லேபருக்கு 10, எல்.என்.பி.க்கு 3. லேபர் 48, எல்.என்.பி. 47. ஒருவர்கூட மனம் மாறவில்லை. நான்கு பேர் கூடுதலாக ஒரு எண் எழுதினார்கள், வெற்றி கைமாறிவிட்டது.

இதில் வேடிக்கை, 2001இல் ‘1 மட்டும் போடுங்கள்’ என்று ஊரெல்லாம் சொன்னதே லேபர்தான். அப்போது வலது பக்க ஓட்டு நேஷனல், லிபரல், ஒன் நேஷன் என்று மூன்றாகச் சிதறிக் கிடந்தது. வாக்குச்சீட்டு இப்படிக் கணக்கை விட்டுப் போவது பீட்டிக்கு லாபம். பின்னால் நேஷனலும் லிபரலும் எல்.என்.பி. என்று ஒன்றாகிவிட்டன, இடது பக்கத்தில் கிரீன்ஸ் வளர்ந்தது. அதே பழக்கம் லேபரின் கழுத்தைப் பிடித்தது. 2015இல் லேபரும் சங்கங்களும் வாக்குச்சாவடி வாசலில் நேர் எதிராகச் சொன்னார்கள்: எல்லாக் கட்டத்திலும் எண் போடுங்கள், எல்.என்.பி.யைக் கடைசியில் போடுங்கள். ஜனவரி 31 முடிவில் முதல் ஓட்டு எல்.என்.பி.க்கு 41.3 விழுக்காடு, லேபருக்கு 37.5. இடங்கள் எல்.என்.பி. 42, லேபர் 44. நியூமன் தன் ஆஷ்குரோவ் தொகுதியையே கேட் ஜோன்ஸிடம் இழந்தார்.

44 என்பது பெரும்பான்மை அல்ல, 45 வேண்டும். நிக்லின் தொகுதி சுயேச்சை பீட்டர் வெலிங்டன் ஆதரவு கொடுத்தார். 1998இல் பீட்டியின் சிறுபான்மை ஆட்சிக்குக் கைகொடுத்தவரும் அவரே. நம்பிக்கை வாக்கெடுப்பிலும் பட்ஜெட்டிலும் மட்டும் ஆதரவு என்பது ஏற்பாடு. அவரையே சபாநாயகராக்கினார்கள். இதனால் வந்த சங்கடத்தைப் பாருங்கள். அங்கே சபாநாயகருக்குச் சமநிலையில் மட்டுமே ஓட்டு. ஆக சபையில் லேபர் 44, எதிரே எல்.என்.பி. 42, சின்னக் கட்சியான கேட்டர் கட்சி 2, அதுவும் 44. ஒவ்வொரு மசோதாவும் நூலில் தொங்கும். ஆறே வாரத்தில் குக் தொகுதி உறுப்பினர் பில்லி கார்டன் சர்ச்சையில் சிக்கினார், பலாஷே அவரைக் கட்சியை விட்டு நீக்கச் சொன்னார், அவரே விலகிவிட்டார். ஒரு ஓட்டில் ஆட்சி நிற்கும்போது ஒரு ஓட்டை வெளியே தள்ளுவது சாதாரண விஷயமில்லை. ஆனால் கார்டன் சபையில் இருந்தார், பெரும்பாலும் அரசோடே வாக்களித்தார். மறு ஆண்டு கெய்ன்ஸ் உறுப்பினர் ராப் பைனும் வெளியேறினார். இருந்தும் ஆட்சி கவிழவில்லை.

அமைச்சரவை பற்றி ஒரு வரி: 14 பேரில் 8 பெண்கள், துணை முதல்வர் ஜாக்கி டிராட். லீயேன் ஈனாக் அந்தச் சபைக்குத் தேர்வான முதல் பழங்குடிப் பெண், வந்தவுடனே அமைச்சர்.

என் பார்வையில் அவருடைய ஆட்சியின் மிகச் சாமர்த்தியமான மாலைப்பொழுது 2016 ஏப்ரல் 21. சபையை 89இலிருந்து 93 ஆக்கும் மசோதாவை எதிர்க்கட்சி கொண்டுவந்தது, கேட்டர் கட்சியின் ஆதரவோடு அது நிறைவேறும் நிலை. லேபர் அதை எதிர்த்தது. தடுக்க முடியாது என்று தெரிந்ததும், சட்ட அமைச்சர் இவெட் டாத் அதே மசோதாவில் ஒரு திருத்தத்தைச் செருகினார்: இனி எல்லாக் கட்டத்திலும் எண் போடுவது கட்டாயம். எதிர்க்கட்சிக்குக் கிடைத்த அவகாசம் 18 நிமிடம். எல்.என்.பி.க்கு வெளியே இருந்தவர்கள் அதற்கும் கைதூக்கினார்கள், சின்னக் கட்சிகளுக்கு அது வசதிதானே. மேலே சொன்ன உதாரணத்தைக் கட்டாய முறையில் போட்டுப் பாருங்கள்: 18இல் 14 லேபருக்கு, 4 எல்.என்.பி.க்கு. 52–48. இழுபறியே இல்லை. தேர்தல் விதியை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றுவது நல்ல வழக்கமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். குயின்ஸ்லாந்தில் 1922இலேயே மேலவையை ஒழித்துவிட்டார்கள், ஒரு மசோதாவை நிறுத்தி யோசிக்க இரண்டாவது சபை கிடையாது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நான்காண்டு நிலைத்த பதவிக்காலத்துக்கு மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் தந்திருந்தார்கள். சுமார் 53 விழுக்காடு ஆதரவு, இரண்டு பெரிய கட்சியும் சேர்ந்து கேட்டும் அவ்வளவுதான்.

2017 நவம்பரில் இந்த விதியின் பலன் தெரிந்தது. லேபரின் முதல் ஓட்டு 35.4ஆகக் குறைந்தது, இடம் 48ஆகக் கூடியது. ஒன் நேஷன் 13.7 விழுக்காடு வாங்கி ஒரே ஒரு இடம் பெற்றது. அந்தப் பிரச்சாரத்தில் அதானியின் நிலக்கரிச் சுரங்கம் அவரைத் துரத்தியது. வடக்கே வேலை வேண்டும் என்பவர்கள், பிரிஸ்பேனில் சுரங்கம் வேண்டாம் என்பவர்கள், இரண்டு பேரும் அவருக்கு வேண்டும். மத்திய அரசின் சலுகைக் கடனைத் தடுப்பேன் என்று பிரச்சாரத்தின் நடுவில் அறிவித்தார். துணைவர் வேலை பார்த்த நிறுவனம் அந்தக் கடன் விண்ணப்பத்தில் பணியாற்றியது, அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கவே என்று காரணம் சொன்னார். சுரங்கத்தை நிறுத்தவில்லை, பணத்தை மட்டும் நிறுத்தினார். இரண்டு பக்கமும் அரைத் திருப்தி.

2018இல் கருக்கலைப்பைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது (50–41), 2019இல் மனித உரிமைச் சட்டம், 2021இல் தீரா நோயாளிகள் மருத்துவர் உதவியுடன் இறக்க அனுமதிக்கும் சட்டம் – நாளை வரலாற்றில் நிற்பவை இவை. பணக்கணக்கில் நிற்பது 2022இல் நிலக்கரி உரிமத்தொகையை (சுரங்க நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் ராயல்டி) மாற்றியது. டன் 175 டாலருக்கு மேல் போகும் பகுதிக்கு 20 விழுக்காடு, 225க்கு மேல் 30, 300க்கு மேல் 40. டன் 250 டாலருக்கு விற்றால் முன்பு அரசுக்கு 28.25 டாலர், புதுக் கணக்கில் 34.50. அந்த ஆண்டு விலையும் எகிறியது, 2022–23இல் சுமார் 1,390 கோடி டாலர் உபரி.

2020 அக்டோபரில் 52 இடம். எதிரே எல்.என்.பி. தலைவரும் ஒரு பெண், டெப் ஃபிரெக்லிங்டன். கொரோனாவுக்கு மாநில எல்லையை மூடியதுதான் அந்த வெற்றி. எல்லை ஊரான கூலங்கட்டாவில் நடுத்தெருவில் தடுப்பு வைத்து, பக்கத்துத் தெரு வேறு மாநிலம் என்று மறித்தார்கள். எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் சிகிச்சைக்கு வர முடியாத நிலை பற்றிக் கேட்டபோது, குயின்ஸ்லாந்து மருத்துவமனைகள் நம் மக்களுக்கு என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் முதியோர் நிறைந்த தொகுதிகள் அவருக்கு அள்ளிக் கொடுத்தன. அதே தேர்தலில் விருப்ப வாக்கு அவர் கட்சியையே ஒரு வெட்டு வெட்டியது. சவுத் பிரிஸ்பேனில் எல்.என்.பி. தன் ஆதரவாளர்களிடம் லேபருக்கு முன்னால் கிரீன்ஸுக்கு எண் போடச் சொன்னது. ஜாக்கி டிராட் தோற்றார்.

தோற்காதவர் ஏன் விலகினார்? நான்காவது தேர்தல் தோல்வி என்று கருத்துக்கணிப்புகள் சொன்னதால். ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் மணிக்கணக்கில் நின்றன. வீட்டு வாடகை ஏறியது. 2032 ஒலிம்பிக்ஸைப் பெற்றுத் தந்தார், பிரிஸ்பேனின் காபா மைதானச் செலவு 100 கோடியிலிருந்து 270 கோடி டாலராக ஆனது. எல்லாவற்றையும் விட இளவயதுக் குற்றங்கள். அதில் பின்வாங்கிய அரசு, 2023இல் ஜாமீன் மீறும் சிறுவர்களைத் தண்டிக்கவும் காவல்நிலையக் காப்பறைகளில் வைத்திருக்கவும், தான் கொண்டுவந்த மனித உரிமைச் சட்டத்தையே இரண்டு முறை ஓரம் தள்ளியது. எனக்கு அவர்மேல் உள்ள பெரிய குறை இதுதான். கட்சிக்குள் இடது அணி கை ஓங்கியிருந்தது, அவர் வலது அணி. போட்டி என்று வந்தால் லேபர் விதிப்படி உறுப்பினர்கள், சபை அணியினர், சங்கங்கள் என்று மூன்று பங்காக ஓட்டெடுப்பு, வாரக்கணக்கில் இழுக்கும். 2023 டிசம்பர் 10 அன்று விலகல் அறிவித்தார். போட்டியிட வந்த ஷானன் ஃபென்டிமன் ஒதுங்கிக்கொண்டார். 15ஆம் தேதி ஸ்டீவன் மைல்ஸ் பதவியேற்றார். 2024 அக்டோபரில் லேபர் 36, எல்.என்.பி. 52. ஆட்சி போனது. கட்டாய விருப்ப வாக்கை நீக்குவோம் என்று எல்.என்.பி. முன்பே சொல்லியிருந்தது.

பிலோயிலா பற்றி. பள்ளி, மருத்துவமனை, காவல்துறை, ரயில், மின்சாரம் மாநிலத்துக்கு. விசா, அகதி, நாடுகடத்தல் முழுக்கக் கான்பெராவுக்கு, அதாவது மத்திய அரசுக்கு. 2018 மார்ச்சில் விடியற்காலையில் அந்தக் குடும்பத்தைக் கூட்டிப்போனது மத்திய எல்லைப்படை. அதைத் தடுக்க மாநில முதல்வரிடம் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. மெல்பர்ன், கிறிஸ்மஸ் தீவு, பெர்த் என்று அலைந்து 2022 ஜூனில் அவர்கள் ஊர் திரும்பியது, கான்பெராவில் ஆட்சி மாறிய மறுமாதம். இரண்டு நாளிலும் பிரிஸ்பேனில் முதல்வர் பலாஷேதான்.